பவுடர் டப்பா வளைவுகள்

ஆச்சி வீட்டில் நவராத்திரி மணலில்தான் தொடங்கும். அமாவாசைக்கு நாலு நாள் இருக்கும்போதே மாமா கடகப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு டவுணிலிருந்து குறுக்குத்துறைக்கு நடப்பார். நானும் தம்பியும் பின்னாலேயே ஓடுவோம். "ஏலே, ஈர மணலா அள்ளுங்க. காஞ்சது நிக்காது" என்பார். அப்போதெல்லாம் ஆற்றில் இறங்கினால் கணுக்கால் புதையும்.

கொலுப்படி ஆச்சியின் ராஜ்யம். காருகுறிச்சி மண்பொம்மை, அம்பாசமுத்திரத்து மரச்சொப்பு, அவளுடைய ஆச்சி காலத்து மரப்பாச்சி எதையும் நாங்கள் தொடக்கூடாது. படிக்குக் கீழே பட்டாசல் தரை முழுக்க மாமாவின் பூங்கா. மற்ற வீடுகளில் பூங்கா என்றால் கிணறு, மான், செட்டியார் கடை. எங்கள் வீட்டில் திருநெல்வேலியே இருக்கும்.

மாமாவுக்குக் கட்டடப் படம் வரைகிற உத்தியோகம். குத்துமதிப்பாக எதையும் செய்ய மாட்டார். இருபது அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு. அட்டையில் நெல்லையப்பர் கோபுரம். கம்பியை வில் வில்லாக வளைத்து, ஜங்ஷனில் 1973-ல் திறந்த ஈரடுக்குப் பாலம். அதற்கடியில் தீப்பெட்டி ரயில். முளைவிட்ட கடுகும் வெந்தயமும் வயல். நடுவே, தகரத் தட்டில் நிஜத் தண்ணீரோடு தாமிரபரணி.

ஆற்றின் மேல் சுலோச்சன முதலியார் பாலம். பவுடர் டப்பாவைக் களிமண்ணில் வைத்து வைத்து எடுப்பார், பதினொரு வளைவு. எடுக்கும்போதே கதையும் வரும். கலெக்டர் ஆபீஸ் சிரஸ்தார் ஒருவர் சொந்தப் பணத்தைப் போட்டு 1843-ல் கட்டிய பாலம். அதுவரை பாளையங்கோட்டைக்கும் நெல்லைக்கும் நடுவே வெள்ளம் வந்தால் பரிசலுக்கு அடிதடிதான். வீட்டம்மாவும் நகையைக் கழற்றிக் கொடுத்தாள் என்று மாமா சொல்வார். அந்த இடம் வரும்போது ஆச்சி தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வாள்.

லண்டனில் 1817-ல் திறந்த வாட்டர்லூ பாலத்தைப் பார்த்துத்தான் ஹார்ஸ்லி என்ற இஞ்சினியர் நம் பாலத்தை வரைந்தார். வாட்டர்லூவுக்கு ஒன்பது வளைவு. அப்படியானால் ஆற்றில் நிற்பதும் ஒரு கொலுப் பொம்மைதான், எங்கள் களிமண் பாலம் பொம்மைக்குப் பொம்மை. தேம்ஸ் நீர் அடியை அரித்து, 1930-களில் அந்த வாட்டர்லூ பாலத்தை இடித்துவிட்டார்கள். 1869 வெள்ளம் நம் பாலத்தின் ஒரு பகுதியையும் கொண்டுபோனது, திரும்பக் கட்டிக்கொண்டோம். அசல் போய்விட்டது, சாயல் நிற்கிறது.

குறுக்குத்துறை முருகன் கோயிலை மாமா சுடாத களிமண்ணில்தான் செய்வார். அது ஆற்றுக்குள்ளேயே இருக்கிற கோயில். வெள்ளம் வந்தால் உற்சவரைக் கரையிலுள்ள மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்துவிட்டு மூலவரை ஆற்றிடம் விட்டுவிடுவார்கள். ஒரு வருஷம் சரஸ்வதி பூஜையன்று தம்பி ஒரு செம்புத் தண்ணீரைத் தட்டில் கவிழ்த்துவிட்டான். கோயில் எங்கள் கண்முன்னால் கரைந்து சேறாகி வயலில் ஏறியது. அடி விழப்போகிறது என்று நினைத்தோம். மாமா குனிந்து பார்த்துவிட்டு, "முதல்ல சாமியை மேல கொண்டு போயிருக்கணும்லா" என்றார். ஆச்சி சிரித்த சிரிப்பில் சுண்டல் கிண்ணம் சரிந்தது.

பிறகு எங்கோ படித்தேன். நெதர்லாந்தில் ஹேக் நகரத்தில் 1952 முதல் மதுரோதாம் என்று ஒரு குட்டி ஊர் இருக்கிறது. அந்த நாட்டின் கட்டடங்கள் எல்லாம் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில். ஜார்ஜ் மதுரோ என்ற மாணவர் 1945-ல் நாஜிகளின் டாக்காவ் முகாமில் இறந்துபோனார். அவரைப் பெற்றவர்கள் கொடுத்த பணத்தில் தொடங்கியது அது. கோடிக்கணக்கானவர்கள் வேடிக்கை பார்த்த அந்தப் பொம்மை ஊர், ஒரு பிள்ளைக்கு வைத்த நடுகல். படித்த அன்றிரவு மாமாவின் பவுடர் டப்பா ஞாபகம் வந்தது.

பழையது எல்லாம் போச்சு என்று புலம்பலாம் என்றுதான் இந்த முறை ஊருக்குப் போனேன். பெரியது எதுவும் போகவில்லை. கோபுரம் இருக்கிறது. ஈரடுக்குப் பாலத்தில் பஸ் போகிறது. 1992-லும் 2023 டிசம்பரிலும் முழுகிய குறுக்குத்துறைக் கோயில், சேற்றைக் கழுவிவிட்டு விளக்கேற்றிக்கொண்டது. போனதெல்லாம் சின்னது. கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு தொடுத்த வழக்கில் 2010-ல் ஆற்றில் மணல் அள்ள நீதிமன்றம் தடை போட வேண்டிவந்தது. நாங்கள் கடகத்தில் அள்ளியதை லாரிகள் அள்ளியிருந்தன. பட்டாசல் இருந்த இடத்தில் இன்னொருவர் மாடி கட்டிவிட்டார். ஆச்சி இல்லை. மாமாவும் இல்லை.

பாளையங்கோட்டை பஸ்ஸில் பாலத்தைக் கடந்தேன். மேலே போகிறவனுக்கு வளைவு தெரியாது. கைப்பிடிச்சுவரும் முன்னால் போகிற வண்டியும்தான். அந்தப் பதினொன்றையும் நான் முதலில் எண்ணியது பட்டாசல் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தில் ஈர மணல் ஒட்ட, ஒவ்வொன்றிலும் சுண்டுவிரலை விட்டு. ஏழாவதில் விரல் மாட்டிக்கொள்ளும். "மெதுவா எடுலே, முதலியார் பாலம்" என்பார் மாமா.