ஸ்பிதிக்குச் சென்ற கம்பளி மூட்டைகள்

சென்ற 2024ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நம் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு வேண்டுகோள் ஒட்டப்பட்டிருந்ததை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இமாசலப் பிரதேசத்தில், திபெத்து எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஸ்பிதிப் பள்ளத்தாக்கின் மலையூர்களுக்குக் கம்பளி உடைகள் தேவை என்றும், இல்லங்களில் பயனின்றி இருப்பவற்றை அளித்து உதவ வேண்டும் என்றும், சங்கத்து இளைஞர் நால்வர் மோட்டார் சைக்கிளில் அவற்றை நேரிற் கொண்டு சேர்ப்பர் என்றும் அதில் கண்டிருந்தது. இளைஞர் என்று எழுதியது செயலாளரின் பெருந்தன்மை. எங்களுள் இருவரை நாற்பது வயது நெருங்கிக் கொண்டிருக்கிறது.

“பயனின்றி இருப்பவை” என்ற சொற்களில்தான் பிழை புகுந்தது. பதினைந்தே நாட்களில் சங்கக் கூடத்து மேடை நிறைந்துவிட்டது. மகிழ்ந்து போய்ப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் பருத்தி! சரிகை வேட்டி, மெல்லிய வாயில் சேலை, பிள்ளைகள் வளர்ந்து கழித்த பள்ளிச் சீருடை, ஒற்றைக் காலுறைகள், பித்தானில்லாத சட்டைகள். ஓர் இல்லத்தார் நீச்சல் உடையையும் சேர்த்திருந்தனர். எவர்மீதும் கோபம் கொள்ள எங்களுக்கு உரிமையில்லை. குளிர் என்றால் மார்கழிப் பனி என்று எண்ணி வளர்ந்தவர்கள் நாம். அம்பாலாவுக்கு மாற்றலாகி வந்த முதலாண்டில், குரங்குக் குல்லாய் ஒன்றே போதுமென நம்பி, சனவரி மாத இரவுப் பணியில் பற்கள் தாளமிடப் பார்சல் கொட்டகையில் நின்றவர் ஒருவர் எங்களுள் உண்டு. இதனை எழுதுபவர் அவரே.

ரயில்வேயில் பார்சல் எழுத்தராகப் பணியாற்றுவதால் மூட்டை கட்டும் பொறுப்பு அவர்மீது விழுந்தது. பருத்தியை விலக்கி, எஞ்சிய 236 உருப்படிகளை எட்டுச் சாக்குகளில் இட்டுத் தைத்து, எடை போட்டோம். மொத்தம் 112 கிலோ. அனுப்புநர், பெறுநர், உள்ளிருப்பவை ஆகிய விவரங்களை எழுதி, சாக்குக்கு ஒரு சீட்டாகக் கட்டினோம். பெறுநர், அவ்வூர்ப் பெண்களின் மகிளா மண்டலம். ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. அதன் காரணம் பின்னால் வரும்.

கடைசிச் சாக்கைத் தைக்கும் நேரத்தில், சங்கத்தின் மூத்த உறுப்பினரான அம்மையார் ஒருவர் வந்தார். அவருடைய கணவர் சரக்கு ரயில்களில் கார்டாகப் பணியாற்றி ஓய்வு பெற்றுக் காலமானவர். அவர் அணிந்த கருநீல ஓவர்கோட்டு அம்மையாரின் கையில் இருந்தது. அந்துருண்டை வாசனை கூடம் முழுதும் பரவியது. “பெட்டியில் கிடந்தால் பூச்சிதான் தின்னும், தம்பி. யாராவது போட்டுக்கொள்ளட்டும்” என்று சொல்லிவிட்டு, உட்காராமலே போய்விட்டார்.

புறப்படும் முன் அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார்: “நால்வரின் பெட்ரோலுக்கும் தங்கலுக்கும் ஆகும் பணத்தில் புதுக் கம்பளியே வாங்கி அனுப்பலாமே? அரசுப் பேருந்து காஜா வரையில் போகிறதே?” இதற்கு அன்றும் எங்களிடம் விடையில்லை, இன்றும் இல்லை. போய் வந்த செலவு 31,400 ரூபாய். எங்கள் கைப்பணம்தான், சங்கத்து நிதியைத் தொடவில்லை. எனினும் கணக்கு கணக்குத்தான். மலைப்பாதையில் வண்டி ஓட்டும் ஆசை அதிற் பாதி என்பதை மறைப்பானேன்?

செப்டம்பர் 28, சனிக்கிழமை விடியலில் புறப்பட்டோம். நான்கும் புல்லட் வண்டிகள். சென்னையில் 1955இல் இவ்வண்டியின் தொழில் தொடங்கியபோது, எல்லைப் பகுதியில் சுற்றி வரும் படையினருக்காகவே பெரும்பாலும் வாங்கப்பட்டதாம். திருவொற்றியூர்க்காரர் ஒருவர் எங்கள் குழுவில் இருந்தார். அவர் பேச்சைக் கேட்டால், அவரே அதனை வடிவமைத்தவர் போலத் தோன்றும்.

கால்காவிலிருந்து சிம்லாவுக்குச் செல்லும் சாலையில் கண் சாலையில் நில்லாமல் இருப்புப்பாதையைத் தேடியது தொழிற்குற்றம். 1903இல் திறக்கப்பட்ட இக்குற்றகலப் பாதை 96 கிலோமீட்டர் நீளமுடையது. தண்டவாளங்களின் இடைவெளி 762 மில்லிமீட்டர்தான். 2008இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டது. வளைவில் ஊர்ந்து வந்த சிறு வண்டியின் கார்டு எங்கள் மூட்டைகளைக் கண்டு கொடியை ஆட்டினார். சிம்லாவைப் பற்றி எழுதாதவர் இல்லையாதலால் அதனைக் கடந்து செல்வோம். நார்க்கண்டாவில் முதலிரவு. ஆப்பிள் ஏற்றிய லாரிகள் இரவெல்லாம் இறங்கிக்கொண்டிருந்தன.

மறுநாள் ராம்பூருக்கு மேல், சத்லெஜ் ஆற்றின் கரையோடு கின்னௌரில் நுழைந்தோம். டல்ஹௌசி பிரபுவின் காலத்தில் 1850இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் – திபெத்துச் சாலையின் வழி இது. சில இடங்களில் பாறையைப் பக்கவாட்டில் குடைந்திருக்கிறார்கள். தலைக்கு மேலும் பாறை, இடப்புறமும் பாறை, வலப்புறம் ஒன்றுமில்லை. எதிரே பேருந்து வந்தால் மூட்டை கட்டிய வண்டி பின்னுக்கு நகராது. இறங்கித் தள்ள வேண்டும். இரண்டாம் நாள் ரெக்காங்பியோவில் தங்கினோம். மூன்றாம் நாள், காப் என்னுமிடத்தில் ஸ்பிதி ஆறு சத்லெஜுடன் கலப்பதைப் பார்த்துவிட்டு, கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி நாக்கோ ஊரை எய்தினோம். ஊர் நடுவே சிறிய ஏரி. உயரம் 3,600 மீட்டருக்கு மேல். இரவில் எவருக்கும் நல்ல உறக்கமில்லை. காற்று போதவில்லை என்பதை நெஞ்சு அறிவித்துக்கொண்டே இருந்தது.

நாக்கோவைத் தாண்டியதும் மல்லிங் என்ற சரிவு வருகிறது. மலை அங்கே நெடுங்காலமாகச் சரிந்துகொண்டிருக்கிறது. சாலையைப் போடுவதும் மலை அதனை மூடுவதும் முடிவில்லாத வழக்கு. அக்டோபர் முதல் நாள் காலை நாங்கள் சென்றபோது ஒரு பாறை விழுந்து கிடந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றோம்.

பாதையைச் செப்பனிடுவோர் ஓரத்தில் தார்ப்பீப்பாய்க்கடியில் தீ மூட்டிக் குளிர் காய்ந்துகொண்டிருந்தனர். ஆண்களும் பெண்களுமாக இருபத்தைந்து பேருக்குக் குறையாது. சார்க்கண்டு மாநிலத்துத் தும்காப் பகுதியினர். உடலில் ஒரு பழைய ஸ்வெட்டர், காலில் ரப்பர்ச் செருப்பு. ஒரு பெண்ணின் முதுகில் பருத்திச் சேலையால் குழந்தை கட்டப்பட்டிருந்தது. அவர்கள் எங்கள் மூட்டைகளைப் பார்த்தார்கள். நாங்கள் அவர்கள் காலைப் பார்த்தோம். எங்களுள் ஒருவர் மெல்ல, “ஒரு சாக்கை இங்கே பிரித்தால் என்ன?” என்றார்.

பார்சல் எழுத்தர் இசையவில்லை. சீட்டில் எழுதிய பெறுநரிடமன்றி வேறெவரிடமும் சரக்கை ஒப்படைப்பதில்லை என்பது பதின்மூன்றாண்டுப் பழக்கம். “ஊருக்கென்று வாங்கியதை ஊரில் சேர்ப்போம். மீதியிருந்தால் திரும்பும்போது பார்க்கலாம்” என்றார். வழி திறந்ததும் புறப்பட்டோம்.

தாபோவில், கி.பி. 996இல் எழுப்பப்பட்ட மண்சுவர் மடாலயத்தை அரை மணி நேரம் கண்டோம். வெளியே காரைக்கும் மண்ணுக்கும் வேறுபாடு தெரியாத எளிய சுவர். உள்ளே இருளில் சுவரெல்லாம் ஓவியம். அதற்கு ஒரு நாள் வேண்டும். காலில் குளிர் ஏறிய நான்கு பேருக்கு அன்று அந்தப் பொறுமை இல்லை.

காஜாவில் தங்கி, காந்தி ஜயந்தியன்று காலை மேலேறினோம். லாங்ஸா, ஹிக்கிம், கோமிக் ஆகிய ஊர்கள் 4,400 மீட்டரளவிலும் அதற்கு மேலும் இருப்பவை. கடற்கரையில் கிடைக்கும் உயிர்வாயுவில் ஐந்தில் மூன்று பங்கே அங்கு ஒரு மூச்சில் கிடைக்கும். எஞ்சினுக்கும் அதே கதிதான். கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி இரண்டும் கரும்புகை கக்கி இருமின. ஹிக்கிமில் 1983 முதல் நடைபெறும் அஞ்சலகத்தில் ஆளுக்கோர் அட்டை வாங்கி வீட்டுக்கு எழுதிப் போட்டோம். எங்களுக்குப் பின்னரே அவை அம்பாலா வந்து சேர்ந்தன.

எங்கள் பெறுநரின் ஊர் அதற்கும் அப்பால். மண்ணால் கட்டி வெள்ளையடித்த வீடுகள் இருபதுக்குள் இருக்கும். மொட்டை மாடி விளிம்புகளில் குளிர்காலத்துக்கான புல்லும் சுள்ளியும் அடுக்கப்பட்டிருந்தன. பனிக்காலத்தில் இங்கே வெப்பநிலை சுழிக்குக் கீழே இருபது பாகையையும் தாண்டிச் செல்லும். குழாயில் நீர் உறைந்துவிடும். குடும்பம் முழுதும் ஓர் அறையில், நடுவே உள்ள இரும்பு அடுப்பைச் சுற்றி மாதக்கணக்கில் வாழும். எருவும் சுள்ளியுமே எரிபொருள். ஆண்டுக்கு ஒரே விளைச்சல். வாற்கோதுமை உணவுக்கு, பச்சைப் பட்டாணி விற்பனைக்கு. முந்தைய குளிரில் பனி குறைந்தால் அடுத்த கோடையில் பட்டாணிக்கு நீரில்லை.

மகிளா மண்டலத் தலைவியார்க்கு ஐம்பது வயதிருக்கும். “ஜூலே” என்று வரவேற்று, வெண்ணெயும் உப்பும் இட்ட தேநீர் கொடுத்துவிட்டு, வெயிலில் ஒரு தார்ப்பாயை விரித்தார். பெண்கள் பத்துப் பேர் அமர்ந்து சாக்குகளைப் பிரித்தனர். நன்றியுரையை எதிர்பார்த்து நின்ற எங்களை எவரும் கவனிக்கவில்லை. ஒவ்வோர் உடையையும் வெளிச்சத்தில் பிடித்து, நூலை இழுத்து, விரலால் தேய்த்துப் பார்த்தார்கள். பார்சல் அலுவலகத்தில்கூட அத்தகைய சோதனை நடைபெறுவதில்லை.

பளபளக்கும் ஸ்வெட்டர் ஒன்றைத் தலைவியார் எங்களிடம் நீட்டினார். “இது கம்பளி அன்று, பாய். அடுப்புப் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாம்” என்றார். தாமே பின்னிய காலுறையை எடுத்துக் காட்டினார். ஆட்டு மயிர், விரற்கடைப் பருமன். “கம்பளி எங்களிடம் இருக்கிறது. காஜாவில் விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பூட்ஸும் காற்று புகாத சட்டையும்தான் இல்லை. ஒரு முறை தொலைபேசியில் கேட்டிருந்தால் பட்டியல் சொல்லியிருப்பேனே!” என்று தம் கைப்பேசியைத் தட்டிக் காட்டினார். எங்கள் நால்வரின் கண்களும் தேநீர்க் கோப்பைக்குள் சென்றன.

மூன்று குவியல்கள் உருவாயின. முதற்குவியல் ஊருக்கு, 97 உருப்படிகள். மூன்றாவது, எவருக்கும் உதவாதென எங்களிடமே திருப்பித் தந்த 45. நடுக்குவியல் எதற்கென்று எங்களுக்கு விளங்கவில்லை. அதில் 94 உருப்படிகள், பெரும்பாலும் பெரியவர்களுக்கான கோட்டும் சால்வையும். கார்டு ஐயாவின் ஓவர்கோட்டைத் தலைவியார் நெடுநேரம் தடவிப் பார்த்தார். “அசல் கம்பளி” என்றார். என்றவர் அதனை நடுக்குவியலில் வைத்தார்.

“கீழே பாதை போடுபவர்களைப் பார்த்தீர்களா?” என்று கேட்டார்.

“பார்த்தோம், அம்மா.”

“அவர்கள் பாதை போடாவிட்டால் எங்கள் பட்டாணி சந்தைக்குப் போகாது. எங்களுக்கு வீடும் அடுப்பும் உண்டு. அவர்கள் தகரக் கொட்டகையில் படுக்கிறார்கள். போகும்போது கொடுத்துவிடுங்கள்.”

பெண்கள் எழுந்து தத்தம் வீடுகளுக்குச் சென்று, பன்னிரண்டு இணைக் காலுறைகள் கொணர்ந்து அக்குவியலின்மேல் வைத்தனர். படம் எடுக்கலாமா என்று கேட்டோம். வேண்டாம் என்றார் தலைவியார். முன்பு எவரோ எடுத்துச் சென்ற படத்தின் கீழே ‘ஏழைக் கிராமம்’ என்று எழுதியிருந்ததாம். ஊர்ப் பெயரையும் எழுத வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். ஒப்புதல் சீட்டில் மட்டும், 97 என்று எண்ணைச் சரிபார்த்து, இந்தியில் அழகாகக் கையெழுத்திட்டார்.

மறுநாள் பிற்பகல் மல்லிங்கை அடைந்தோம். தொழிலாளர் சாலைக்குக் கீழே தகரமும் தார்ப்பாயும் கொண்ட கொட்டகைகளில் இருந்தனர். மேஸ்திரி வரிசையில் நிற்கச் சொன்னார். எவரும் நிற்கவில்லை, எனினும் எவரும் பறிக்கவுமில்லை. பெண்கள் முதலில் சால்வைகளை எடுத்தனர். தீயருகே இன்னின்னதை அணிய வேண்டாமென்று, முந்தைய நாள் கற்ற பாடத்தை நாங்கள் புலமையோடு சொன்னோம். முதுகில் குழந்தை கட்டியிருந்த பெண்ணைத் தேடினோம். அக்குழந்தைக்குச் சளி கட்டி மூச்சு வாங்கியதால், முந்தைய நாளே தாயும் பிள்ளையும் ஊருக்கு அனுப்பப்பட்டுவிட்டார்களாம். எங்களுள் சாக்கைப் பிரிக்கலாம் என்று சொன்னவர் ஒன்றும் பேசவில்லை. பார்சல் எழுத்தரும் பேசவில்லை.

கருநீல ஓவர்கோட்டு, ஒல்லியான நடுவயதினர் ஒருவருக்குக் கிடைத்தது. ஊர் எது என்று எங்களைக் கேட்டார். அம்பாலா என்றோம். அவர் முகம் மலர்ந்தது. பனி விழத் தொடங்குமுன் கால்காவில் நேதாஜி எக்ஸ்பிரஸின் பொதுப்பெட்டியில் ஏறி, அசன்சோலில் இறங்கி, பேருந்தில் ஊர் சேர்வது அவர்கள் வழக்கம். “அம்பாலாவில் வண்டி நிற்கும்போதுதான் தண்ணீர் பிடிப்போம். குழாய்க்கு எதிரே மூட்டைகள் அடுக்கிய கொட்டகை ஒன்று இருக்கும்” என்றார். அந்தக் கொட்டகைதான் இதனை எழுதுபவர் அமர்ந்திருக்கும் இடம். எத்தனை ஆண்டுகளாக அவர் அவ்வழியே போய் வருகிறார் என்று கேட்டோம். ஒன்பது என்றார்.

அக்டோபர் 6 இரவு வீடு திரும்பினோம். மூன்றாம் குவியலின் 45 உருப்படிகள் அடங்கிய சாக்கு இன்றும் சங்கக் கூடத்தின் மூலையில் இருக்கிறது. உரியவர்கள் வந்து எடுத்துச் செல்லலாம். இவ்வாண்டு தலைவியாரிடம் தொலைபேசியில் பட்டியல் கேட்டு வாங்கிவிட்டோம். பூட்ஸ் அளவுகள் அடங்கிய அப்பட்டியல் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. இம்முறை அவை பேருந்தில் செல்லும்.

திரும்பிய மறுநாள் மாலை, ஓவர்கோட்டு அளித்த அம்மையாரைக் காணச் சென்றோம். நடந்ததைச் சொன்னோம். கடைசிவரை கேட்டுவிட்டு, ஒன்றே ஒன்று வினவினார்: “கை நீளம் சரியாக இருந்ததா, தம்பி?”

“சற்று நீளந்தான், அம்மா. மடித்துவிட்டுக்கொண்டார்.”

“அவருக்கும் நீளந்தான். மடித்துத்தான் போடுவார்” என்று சொல்லிவிட்டுக் காப்பி போட உள்ளே சென்றார்.