வட்டு மட்டும் போதாது
பழைய பிடிபி-11 கணினியில் ஹார்ட் டிஸ்க்கின் கேபிள் பொருந்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது தவறு. எஸ்டி-506 வகை டிஸ்க், தலைகள் படித்த துடிப்புகளை மட்டுமே அனுப்பும். அவற்றைச் செக்டர்களாகப் பிரித்தறிவது கன்ட்ரோலர் அட்டையின் வேலை. பிடிபி-11-ஐத் தயாரித்த டெக் நிறுவனத்தின் ஆர்க்யூடிஎக்ஸ்1 கன்ட்ரோலர் அட்டை எழுதியதை அதே நிறுவனத்தின் ஆர்க்யூடிஎக்ஸ்3 படிக்காது. இத்தனைக்கும் டிஸ்க் அதேதான்!

துடிப்புகளை அப்படியே பதிவுசெய்யும் கருவிகள் இன்று இருக்கும்போது பழைய அட்டை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் துடிப்புகளைத் தரவாக மாற்ற, எந்த அட்டை எந்த முறையில் எழுதியது என்பது தெரிந்தாக வேண்டும். டிஸ்க்கை மட்டும் கழற்றிக்கொண்டு அட்டையைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடாதீர்கள். குறைந்தபட்சம் அதன் பெயரையாவது டிஸ்க்கின் மேல் எழுதி ஒட்டிவையுங்கள்.