பாயும் மேற்சட்டையும்

தையற்காரர் ஒருவரின் மகன் நான். எவருடைய உடையைக் கண்டாலும் முதலில் அதன் தையலை நோக்கும் பழக்கம் பேராதனைக்கு வந்த பின்னரும் என்னைவிட்டு நீங்கவில்லை. சங்க விழாவுக்குப் புதியதொரு மேற்சட்டை தைக்க எண்ணியபோது, தும்பறைப் பாய்களில் கண்ட கோலங்கள் நினைவுக்கு வந்தன. அவற்றைப் படம்பிடித்துப் பருத்தித் துணியில் அச்சிட்டால் போதும் என்பதே என் திட்டம்.

கண்டியிலிருந்து மெனிக்கின்னப் பக்கம் பஸ் ஏறிக் கலாசிரிகமவை அடைந்தேன். மூத்த நெசவாளர் ஒருவர் மருள் இலையைச் சுரண்டி நாரெடுத்துக்கொண்டிருந்தார். அந்நாருக்குப் பதங்கி மரத்தால் சிவப்பும், மரமஞ்சளால் மஞ்சளும் ஏற்றி நெய்வது மரபு. அன்னமும் மானும் இழைகளை எண்ணி எண்ணிக் கையால் எழுப்பப்படுவன.

என் விருப்பத்தைச் சொன்னேன். அவர் நாரொன்றை என் கழுத்தில் வைத்துத் தேய்த்தார், உறுத்தியது. “இது உடம்புக்கான நூல் அன்று, மகனே” என்றார். அச்சிடும் எண்ணத்தைக் கூறியபோது, “அப்படியானால் அதில் என் வேலை எது?” என்று கேட்டார். என்னிடம் விடையில்லை.

கண்டியரசில் ஒருவன் உடுக்கும் உடையின் நீளத்தையும் சாதியே விதித்தது. இப்பாய்களை நெய்த கின்னர குலத்தார் அவ்வடுக்கின் அடியில் வைக்கப்பட்டிருந்தனர். ஆனந்த குமாரசுவாமி 1908 ஆம் ஆண்டு வெளியிட்ட தம் நூலில் கண்டிக் கைவினைகளின் பெருமையைப் பதிவுசெய்தார். 2021 இல் யுனெஸ்கோவும் தும்பறை நெசவைத் தன் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. கோலத்துக்குக் கிடைத்த மதிப்பு நெய்த கைக்கும் கிடைத்ததா? யப்பானில் மரப்பட்டை நாரால் உடை நெய்த ஐனு மக்களைத் தொல்குடியினர் எனச் சட்டம் ஏற்றது 2019 இலேயே. அவர்தம் கோலங்களை நாடும் உடை வடிவமைப்பாளரும் இவ்வினாவைக் கடந்து செல்லுதல் இயலாது.

ஈற்றில், இருவிரல் அகலப் பட்டியொன்றை மட்டும் நெய்து தருமாறு அவரிடம் வேண்டினேன். சட்டைத் துணியிலும் பட்டிக்கே விலை அதிகம். தந்தையார் அதற்கு உட்துணி வைத்து, சலவையின்போது கழற்றத்தக்கதாகச் சட்டைப்பையின் மேல் பொத்தான்களால் பொருத்தினார்.

விழாவில் நண்பர் ஒருவர், “எங்கே அச்சிட்டீர்?” என்று வினவினார். “அச்சிட்டதன்று, நெய்தது” என்று கூறி, நெய்தவரின் பெயரையும் ஊரையும் சொன்னேன்.