டெனிஸன் இரங்கற்பாவின் யாப்பு

செய்யுளின் சீரையும் அசையையும் எண்ணுதல், மலரைப் பிய்த்து இதழெண்ணுவதை ஒக்கும் என்பார் பலர். இக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதை, டெனிஸன் இயற்றிய ‘இன் மெமோரியம்’ என்னும் இரங்கற்பாவைக் கொண்டு ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியில் டெனிஸனோடு பயின்றவர் ஆர்தர் ஹாலம். கவியின் தங்கை எமிலியை மணக்கவிருந்தவர். அவர் 1833-ஆம் ஆண்டு, தமது 22-ஆம் வயதில், வியன்னா நகரில் திடீரென்று உயிர்நீத்தார். அப்பிரிவைக் குறித்துச் சிறிது சிறிதாக எழுதிச் சேர்த்தவற்றைக் கவி 1850-இல் தம் பெயரிடாமலே வெளியிட்டார். முகவுரையும் முடிவுரையும் நீங்கலாக 131 பகுதிகளாக இன்று நாம் காணும் இந்நூல் முழுமைக்கும் யாப்பு ஒன்றே.

அது யாது? தமிழில் அசை, எழுத்தின் குறில் நெடில் ஒற்றுக்களால் அமையும். ஆங்கிலத்தில் ஒலியின் அழுத்தமே சீரை வகுக்கும். அழுத்தமில்லா ஓரசையும் அழுத்தமுள்ள ஓரசையும் கூடியது ஒரு சீர். அத்தகைய சீர் நான்கு கொண்டது ஓரடி. அடி நான்கு கொண்டது ஒரு செய்யுள். நம் அளவடியும் நாற்சீரடியே ஆதலின், இந்நடை நமக்கு முற்றும் அயலன்று. நாம் எதுகையை அடியின் முதலில் நாடுவோம். ஆங்கிலரோ, நம் இயைபு போல, அடியின் இறுதியில் ஒலியொன்றச் செய்வர். இந்நூலில் முதலடி நான்காமடியோடும், இரண்டாமடி மூன்றாமடியோடும் இயையும்.

நுட்பம் இங்கேதான் உளது. நடுவிரண்டடிகளும் அடுத்தடுத்துத் துணை கண்டுவிடுகின்றன. முதலடியின் ஒலி மட்டும் தனித்து நிற்கின்றது. செவி அதனை ஏறக்குறைய மறந்த வேளையில், நான்காமடி அவ்வொலியை மீண்டும் எழுப்புகின்றது. முன்செல்லத் தொடங்கிய செய்யுள் புறப்பட்ட இடத்திற்கே திரும்புகின்றது. மாணவ நண்பர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சில செய்யுட்களில் ஈற்றடிகள் இரண்டையும் இடம் மாற்றினாலும் பொருள் கெடாது. ஆயின் இயைபு ஒன்றுவிட்டொன்றாகும், நடை விரையும், துயரத்தின் தயக்கம் மறையும்.

நூலினுள் கிறிஸ்து பிறப்புத் திருநாள் மும்முறை வருகின்றது: முதலில் கண்ணீரோடு, அடுத்து அமைதியோடு, பின்னர், குடும்பம் பழைய இல்லம் விட்டுப் பெயர்ந்தமையால், புதிய இடத்தில். முடிவுரையோ ஒரு திருமணத்தைப் பாடுகின்றது. துயரம் இங்ஙனம் மாறியும், அதனைத் தாங்கும் யாப்பு மாறவில்லை.

இதனை யான் எழுதக் காரணம் ஒன்றுண்டு. இந்நூலை என்னோடு பாடங்கேட்ட நண்பர், விடுமுறைக்கு ஊர் சென்றவர், காய்ச்சலுற்று மாண்டார். எங்கள் இருவர்க்கும் ஒரே பிரதி. அதில் பென்சிலால் அழுத்தக்குறி இட்டவர் அவரே. அதன்பின் அப்பாக்களின் பொருளை என்னால் படிக்க இயலவில்லை. ஓரடி கடக்குமுன் கண் மறைக்கும். ஆயின் அக்குறிகளை விரலால் தொட்டுச் சீரெண்ண இயன்றது. அளவுபட்ட மொழியில் ஈடுபடுவது வேதனையை மரக்கச் செய்யும் என்று கவியும் ஐந்தாம் பகுதியில் கூறுகின்றார்.

நண்பர் இட்ட குறிகள் 30-ஆம் பகுதியோடு, முதல் திருநாள் முடியுமிடத்தில், நின்றுவிட்டன. அதன் மேலுள்ளவற்றிற்கு யானே இட்டு வருகின்றேன். இப்பொழுது இரண்டாம் திருநாள் வரை வந்துள்ளேன்.