அரைப்பேரும் இல்லாத போட்டோக்கள்

கம்பஸில் கேமரா வைத்திருக்கிற நண்பர்கள் எல்லாரும் ஒன்றையேதான் சொல்வார்கள்: "போஸ் குடுக்காத, சும்மா இரு. கேண்டிட்டா எடுக்கிறேன்." போஸ் என்றால் நடிப்பு, கேண்டிட் என்றால் உண்மை. பதுளைத் தோட்டத்துப் பிள்ளையான எனக்கு இந்தக் கணக்கு சரியாகப் படவில்லை.

எல்ல, அப்புத்தளை பார்க்க வருகிறவர்கள் ரோட்டோரம் வேனை நிறுத்திவிட்டு, மலையில் கொழுந்து பறிப்பவர்களைப் படம் எடுப்பார்கள். அவர்களுக்கு அது அருமையான கேண்டிட். பறிக்கிறவருக்கோ கிலோ பற்றிய கவலை. கிலோ குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான், பாதிச் சம்பளம். படத்திலோ அந்த அரைப்பேரும் இல்லை. வெறும் 'கொழுந்து பறிக்கும் பெண்'.

என் அம்மாயியையும் அப்படி எத்தனையோ பேர் எடுத்திருக்கிறார்கள். ஒரு பிரதிகூட லயத்துக்கு வந்ததில்லை. வீட்டுச் சுவரில் இருப்பது பண்டாரவளை ஸ்டூடியோ ஒன்றில் எடுத்த கல்யாணப் படம் மட்டும்தான். பின்னால் வரைந்த திரை, பக்கத்தில் பிளாஸ்டிக் பூச்சாடி. சிரிப்பே இல்லை. "விறைப்பா நிக்கிறீங்களே அம்மாயி" என்றால், "நிமிந்து நிக்கத்தானே காசு குடுத்துப் போனோம்" என்பார். நாளெல்லாம் குனிந்து வேலை செய்கிறவர் அப்படி நிற்பதை நடிப்பு என்று எப்படிச் சொல்வது?

அதற்காகப் போஸ் என்றாலே மரியாதை என்றும் சொல்ல முடியாது. டென்னிசன், டார்வின் போன்றவர்களைப் படமெடுத்த ஜூலியா மார்கரெட் கேமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே இறந்தார். இங்குள்ள சாதாரண சனங்களையும் எடுத்தார். அந்தக் காலத்துக் கண்ணாடித் தட்டுக் கேமராவுக்கு முன்னால் பல விநாடிகள் ஆடாமல் இருக்க வேண்டும், ஆகவே எல்லாமே போஸ்தான். 1878இல் எடுத்த ஒரு படத்தின் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர்கள்'. டார்வினுக்குப் பெயர் உண்டு, இவர்களுக்கு ஊர்ப்பெயர் மட்டும்தான்.

1925இல் லைக்கா மாதிரிச் சின்னக் கேமராக்கள் விற்பனைக்கு வந்தபின் சொல்லாமல் எடுப்பது சுலபமானது. இப்போது போன் எல்லார் கையிலும் இருக்கிறது. தீபாவளி, திருவிழா, சடங்கு வீடு என்று நாமே ஊரை எடுக்கிறோம். கேண்டிட்டா எடுங்க, தப்பில்லை. ஆனால் எடுத்ததை அவர்களிடம் காட்டுங்கள். "இது வேணாம் தம்பி" என்றால் அழித்துவிடுங்கள். "இரு, சாரிய மாத்திட்டு வாறேன்" என்றால் காத்திருங்கள். போடும்போது பெயரையும் கேட்டுப் போடுங்கள், முழுப் பேராக.