நாலா, மூணா?

போன வருஷம் ட்ரெயினிங்குக்காக ஒரு சாயப்பட்டறை லேபில் ஒரு மாதம் இருந்தேன். துவைத்த துணியில் சாயம் எவ்வளவு போயிருக்கிறது என்று கிரே ஸ்கேலை வைத்துப் பார்த்து கிரேடு போடுவதுதான் வேலை. 5 என்றால் மாற்றமே இல்லை. 1 என்றால் சாயம் போயே போச்சு! நடுவில் அரை கிரேடுகளும் உண்டு.

ஒருநாள் சிவப்பு பனியன் துணி வந்தது. என் கண்ணுக்கு 3. லேப் அண்ணன் எட்டிப் பார்த்து, "4 போடு தம்பி" என்றார். போட்டேன். சரிபார்த்தவர் என்ற இடத்தில் அவரும் 4 போட்டார். ஒரு வாரம் கழித்து வெளி லேப் ரிப்போர்ட் வந்தது: 3. லாட் நின்றுவிட்டது.

"கண்ணுக்குக் கண் வித்தியாசப்படும்பா" என்றார் அண்ணன். சரி, எவ்வளவு வித்தியாசப்படலாம்?

காலேஜுக்கு வந்ததும் எங்கள் சாரிடம் கேட்டேன். "நீளம், எடைன்னா பல லேபோட அளவுகளுக்குச் சராசரியும் திட்ட விலக்கமும் போடலாம். கிரேடு அப்படியில்லை. 5-லிருந்து 4-க்கு இறங்க நிற வேறுபாடு 1.7 யூனிட். 2-லிருந்து 1-க்கு இறங்க 6.8! படிகளே சமமில்லாதப்போ சராசரிக்கு என்ன அர்த்தம்?" என்றார்.

அப்புறம் வழியும் சொன்னார். அதே துண்டுகளை, பெயர் மறைத்து, இரண்டு லேபிலும் பார்க்க வேண்டும். எத்தனை ஒத்துப்போகிறது, எத்தனை அரைப்படி தப்புகிறது, எத்தனை இரண்டு படி தப்புகிறது என்று எண்ண வேண்டும். பெரிய தப்புக்குப் பெரிய எடை. தற்செயலாக ஒத்துப்போவதையும் கழிக்க வேண்டும். எல்லாம் நல்ல துணியாக இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு 4 போட்டாலும் ஒத்துப்போகுமே! ஜேக்கப் கோஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1968-ல் தந்த எடையிட்ட காப்பா இதைத்தான் கணக்கிடுகிறது. முழு ஒற்றுமை 1. தற்செயல் அளவுதான் என்றால் 0.

20 துண்டுகளை வைத்துப் பக்கத்துக் காலேஜ் லேபோடு செய்து பார்த்தோம். அவர்கள் பெரும்பாலும் எங்களைவிட அரைப்படி கீழே! விசாரித்தால், நாங்கள் பார்த்தது விளக்குப் பெட்டிக்குள். அவர்கள் பார்த்தது ஜன்னல் வெளிச்சத்தில். தப்பு கண்ணில் மட்டும் இல்லை என்று புரிந்தது. ஆனால் அதே துண்டுகளை மறுநாள் பார்த்தபோது, ஆறில் என் கிரேடே மாறியிருந்தது!

இதற்கெல்லாம் ஒரே நிபந்தனை, அவரவர் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பட்டறையில் நான் போட்ட 4 என் அளவீடே இல்லை. இரண்டு கையெழுத்து இருந்தது. பார்த்தது ஒரு ஜோடிக் கண்தான்.

நாளைக்கு நீங்களும் ஏதாவதொரு லேபில் உட்காருவீர்கள். பக்கத்தில் இருப்பவர் சொல்வதற்கு முன், உங்கள் கண்ணுக்குத் தெரிவதை எழுதிவிடுங்கள். அப்புறம் பேசிக்கொள்ளலாம்!