யார் துரத்துகிறார்கள்?

சென்னையில் விடியற்காலையில் ஓடும்போது நான் பாட்டுக் கேட்பதில்லை. பின்னால் வரும் பைக் சத்தம் காதில் விழ வேண்டும். விளக்கில்லாத தெருக்களை ஒவ்வொன்றாகத் தவிர்த்து, என் ஓட்டப்பாதையை வகுத்ததே பயம்தான்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரை அடுத்த மண்பாதையில் ஓடியபோதும் அடிக்கடி திரும்பிப் பார்த்தேன். எதிரே விறகுச் சுமையோடு வந்த பாட்டி நின்றார்.

"ஏம்மா இப்படி ஓடியாற? யாராச்சும் தொரத்துறாங்களா?"

"இல்ல பாட்டி. புடிச்சு ஓடுறேன்."

"அப்ப ஏன் திரும்பித் திரும்பிப் பாக்குற? கல்லு தடுக்கிடும்."

பெண் ஓடக்கூடாது என்பதற்கான காரணங்கள் மாறிக்கொண்டே இருக்கும். உடம்பு தாங்காது என்றார்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸ் வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் இல்லை. சாமைக் கொல்லைக்கும் வீட்டுக்கும் சுமையோடு மலையேறி இறங்கும் உடம்பைப் பற்றி யாரும் அப்படிக் கவலைப்பட்டதில்லை. வேலைக்குத் தாங்கும் உடம்பு, தன் ஆசைக்கு ஓடினால் மட்டும் தாங்காதாம். இப்போது சொல்லும் காரணம், பாதுகாப்பு.

மீதித் தூரம் பாதையைப் பார்த்தே ஓடினேன்.

சென்னையில் இன்னும் திரும்பிப் பார்க்கிறேன். ஆனால் அதை முன்ஜாக்கிரதை என்று சொல்லிக்கொள்வதில்லை. துரத்துகிறார்கள் என்றே சொல்கிறேன்.